பஸ்மினா கொடுக்காத பொருத்தம்

கல்முனைக்குடியில் வந்து பஸ்மினா வீடு எது என்று கேட்டால், எந்தப் பஸ்மினா என்று திருப்பிக் கேட்பார்கள். கொச்சிக்காய் பஸ்மினா என்றால் கேள்வியே இல்லை. மிளகாய்க்கு இந்தப் பக்கம் கொச்சிக்காய் என்றுதான் பெயர். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருந்தவளை அநியாயமாக அடித்த ரீச்சரிடம் எழுந்து நின்று நியாயம் கேட்ட நாளில் ஒட்டிய பட்டம் அது. கழற்றிப் போட அவளும் ஒருநாளும் முயலவில்லை.

ரோல்ஸ், சமூசா, பற்றீஸ் என்று பின்னேரத் தேத்தண்ணிக்கு வேண்டியதைப் பொரித்துப் பிரதான வீதிக் கடைகளுக்குக் கொடுப்பது அவள் தொழில். ஒரு கடைக்காரர் நேற்று மிஞ்சியதைச் சூடாக்கி இன்றையது என்று விற்றதைக் கண்டாள். கடை நிறைய ஆள் இருக்கும்போதே தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அந்தக் கடைக்கு அதோடு சரி. பசியைக்கூடப் பொறுப்பாள், பொய்யைப் பொறுக்க மாட்டாள். அப்படிப்பட்டவளுக்குத்தான் ஊரிலேயே மிக இனிமையாகப் பொய் சொல்லும் மனிதனைப் பார்த்துக் கட்டி வைத்தார்கள்.

காலிதீன் கெட்டவன் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். அடுத்தவன் பொருளில் கை வைக்காதவன், குரலை உயர்த்தாதவன். மகள் அம்ஹா பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் நின்று தேம்பி அழுதவன். அவன் சொல்லும் பொய் எல்லாம் ஒரே சாதிப் பொய். தன் உயிருக்கு ஆபத்து வரும்போதெல்லாம் "ஒண்டுமில்ல புள்ள" என்பான். எங்கள் ஊர்ப் பையன்கள் அதிகம் போகாத இராணுவத்துக்குப் போய் லொறி ஓட்டினான். வடக்கில் சண்டை உச்சத்தில் இருந்தபோது, தான் கொழும்பில் ஸ்டோரில் சீனி மூட்டைக்குக் காவல் இருப்பதாகத் தொலைபேசியில் சொல்வான். அவளும் நம்பி, ஐந்து நேரமும் சீனி மூட்டைக்குப் பக்கத்தில் இருப்பவனுக்காக அல்லாஹ்விடம் துஆக் கேட்டாள்.

லீவில் வந்தவனின் முதுகில் புதுத் தழும்புகள் இருந்தன. கேட்டதற்குத் தகரம் கீறியது என்றான். தகரம் என்ன, முதுகில் இடம் மாறி மாறியா கீறும்? அவள் மேலும் கேட்க, சிரித்துக்கொண்டு மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டான். பிறகு ஒருநாள் அவனோடு வேலை செய்த சிங்களப் பையன் ஒருவன் கலியாணத்துக்குச் சொல்ல வீட்டுக்கு வந்தான். செல் குண்டு விழுந்து எரிந்த லொறிக்குள்ளிருந்து காலிதீன் தன்னை இழுத்தெடுத்த கதையை, தெரிந்த தமிழில், கண் கலங்கச் சொன்னான். பஸ்மினா விருந்தாளிக்குச் சோறு போட்டாள். அவன் போனபிறகு அன்றைக்கு முழுக்க அடுப்பு மூட்டவில்லை.

"உனக்குப் பயமா இரிக்கும் எண்டுதான் புள்ள சொல்லல்ல" என்றான் காலிதீன்.

"பயப்படுறத்துக்கு எனக்கு ஏலாதா? நான் என்ன சின்னப்புள்ளயா? நீங்க சாகக் கிடந்த நேரம் நான் இங்க சீனி மூட்டைக்குத் துஆக் கேட்டுக்கொண்டு இரிந்திரிக்கன். என்ன மடச்சியாக்கிப் போட்டீங்க."

இனிமேல் உண்மையைத்தான் சொல்வேன் என்று வாக்குக் கொடுத்தான். அந்த வாக்கையும் அதே இனிமையான குரலில்தான் கொடுத்தான்.

இராணுவத்தை விட்டு வந்த பிறகு ஊரில் மணல் லொறி, நெல் லொறி என்று ஓட்டிக்கொண்டிருந்தான். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. குறை வீட்டு வளவின் மூலையில் நின்றது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளையைப் பெற்றால் அவளுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து அந்த வீட்டில் குடியேறுவார். பஸ்மினா இருக்கும் வீடும் அவள் வாப்பா வயலை விற்றுக் கட்டியதுதான். காலிதீனும் இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கும் தன் உம்மா வீட்டிலிருந்து அப்படி வந்து ஏறியவன்தான். அம்ஹா உயர்தரம் படிக்கிறாள். அவளுக்கென்று தொடங்கிய வீடு ஜன்னல் மட்டத்தோடு நின்று, பக்கத்து வீட்டு ஆடுகளுக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது.

போகிற வருகிறவர்கள் பஸ்மினாவின் முகத்தைப் பார்த்துச் சுகம் விசாரிப்பதில்லை, அந்தச் சுவரைப் பார்த்துத்தான் விசாரிப்பார்கள். "இன்னும் மேல எழும்பல்ல போல?" என்பார்கள். ஆண் பிள்ளையைப் பெற்றவர்கள் கதிரையில் சாய்ந்திருந்து எத்தனை அறை என்று கேட்பார்கள். பெண் பிள்ளையைப் பெற்றவன் அந்த அறைகளுக்காகப் பாலைவனத்துக்கும் பனிக்கும் போக வேண்டும். மார்க்கத்தில் ஆண்தான் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் அதைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு வெளியே வந்து, மருமகள் வீட்டுக்கு மாபிள் போட்டாயிற்றா என்று விசாரிக்கும் ஊர் இது. பஸ்மினா இதையெல்லாம் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறாள். அதனால்தான் அவள் கொச்சிக்காய்.

சுவரைப் பார்த்தபடி வந்தவர்களில் ஷிப்லியும் ஒருவன். காலிதீனின் தங்கச்சியைக் கட்டியவன், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவன். வெள்ளைச் சட்டையில் அத்தர் மணக்க வந்து உட்கார்ந்தான்.

"மச்சான், ரஷ்யாவில லொறி ஓட்டுற வேல. சண்டை நடக்கிற இடத்துக்குக் கிட்டயும் போகத் தேவல்ல. பின்னுக்கு இரிந்து சாப்பாட்டுச் சாமான் ஏத்திறதுதான். பழைய ஆமிக்காரர் எண்டா உடன எடுக்கிறாங்க. ஒரு வருசம் நிண்டா அம்ஹாட வீடு முடிஞ்சிடும்."

"சாப்பாட்டுச் சாமான் ஏத்திறத்துக்கு ஏன் தம்பி ஆமிக்காரன் கேக்கிறாங்க?" என்று கேட்டாள் பஸ்மினா.

ஷிப்லியின் வாயில் அவள் பொரித்த பற்றீஸ் இருந்தது. மென்று முடித்ததும் இன்னொன்றை எடுத்துக் கடித்தான். காலிதீன்தான் இடையில் புகுந்து, "ஒண்டுமில்ல புள்ள, பழகின கை எண்டபடியா இரிக்கும்" என்றான். அந்த ஒண்டுமில்ல எப்போது வரும் என்று அவளுக்குத் தெரியும். வேண்டாம் என்று கத்தினாள், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினாள், நாட்கணக்கில் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவன் சிரித்துச் சிரித்தே பயணத்துக்கு ஆயத்தமாகிவிட்டான்.

போய்ச் சேர்ந்து எடுத்த முதல் வீடியோ அழைப்பில் அவன் இராணுவ உடுப்பில் இருந்தான்.

"என்ன உடுப்பு அது?"

"குளிருக்குப் புள்ள. இங்க எல்லாருக்கும் இதத்தான் குடுக்கிற."

அதற்குப் பிறகு வீடியோவே இல்லை, வட்ஸ்அப்பில் வெறும் குரல்தான். நண்பகல் லுஹர் தொழுது முடிகிற நேரத்தில் வரும். "நான் சுகம் புள்ள, சாப்பிட்டன். இங்க ஒரு பிரச்சினையுமில்ல. பயப்பிடாம இரி. அம்ஹாவப் படிக்கச் சொல்லு." தினமும் அதே நான்கு வசனங்கள். பின்னால் ஒரு சத்தம் கேட்கும். என்ன சத்தம் என்று கேட்டால், றோட்டு வேலை நடக்கிறது, கல் உடைக்கிறார்கள் என்பான்.

கல் உடைக்கிறார்களாம்! சண்டைக்குள் பிறந்து சண்டைக்குள் பெரியவளானவளிடம் சொல்லுகிற கதையா இது? செல் புறப்படும் சத்தம் எது, வந்து விழும் சத்தம் எது என்று கட்டிலுக்கு அடியில் கிடந்தே பிரித்துச் சொல்லப் பழகிய பிள்ளைகள் வளர்ந்த ஊர் இது. அவள் திருப்பிக் குரல் அனுப்பினாள்.

"கல்லு உடைச்சாப்பொறகு ஆக்கள் ஏன் கத்துறாங்க?"

"அவனுகள் விளையாட்டுக்கு, பகிடிக்குக் கத்துறது புள்ள."

அந்தப் பதிலைக் கேட்டுத் தொலைபேசியைக் கட்டிலில் வீசினாள். எதிரில் இருந்திருந்தால் அவனையும் வீசியிருப்பாள்.

இதற்கிடையில் தொலைக்காட்சிச் செய்தியில் ஒருவரைக் காட்டினார்கள். இப்படி லொறி வேலை என்று போய், சண்டையின் முன்வரிசையில் நிறுத்தப்பட்டு, ஒரு கையை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிய பழைய சிப்பாய். அழுதுகொண்டே சொன்னார். பஸ்மினா அடுப்பை அணைத்தாள். அபாயாவைப் போட்டுக்கொண்டு நேரே ஷிப்லியின் வீட்டு வாசலுக்குப் போய், ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தினாள். ஷிப்லி கதவைத் திறக்கவில்லை. மறுநாள் அவள் பள்ளிவாசலுக்குப் போனாள்.

நம்பிக்கையாளர் சபைத் தலைவர் கச்சிமுகம்மது ஹாஜியார் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு வைத்தார். ஆண்கள் பாயில் இருந்தார்கள். பஸ்மினா பக்கத்து அறையின் கதவோரம் நின்று, தன்னைக் கட்டிய மாப்பிள்ளையை ஏமாற்றிச் சண்டைக்கு அனுப்பியவனே திருப்பிக் கொண்டுவரவும் வேண்டும் என்றாள். ஷிப்லி ஒரு வார்த்தையும் வாதாடவில்லை. தொலைபேசியை எடுத்து நடுவில் வைத்து அழுத்தினான். காலிதீன் தன் உம்மாவுக்கும் அதே ஆறுதலைத்தான் தினமும் அனுப்பிக்கொண்டிருந்தான். உம்மா இருப்பது மகளோடும் ஷிப்லியோடும். அந்தக் குரல்கள் ஷிப்லிக்குக் கிடைக்காமல் போகுமா?

"நான் சுகம் உம்மா. இங்க ஒரு பிரச்சினையுமில்ல. ஷிப்லி மச்சானுக்கும் துஆச் செய்யிங்க."

ஒன்று முடிய இன்னொன்று, அது முடிய அடுத்தது. எல்லாவற்றிலும் காலிதீன் சுகம். பாயில் இருந்தவர்கள் தாடியைத் தடவிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"மகள், இது உங்கட மாப்புளட கொரல்தானே?" என்று கேட்டார் ஹாஜியார்.

"ஓம்" என்றாள். அந்த ஓமைச் சொல்வதற்குள் அவளுக்கு உயிர் போய் வந்தது.

"மச்சிக்குத் தனிய இரிந்து மனம் குழம்பிட்டு ஹாஜியார்" என்றான் ஷிப்லி, மிகவும் இரக்கமாக.

அந்த இரக்கத்துக்காகவே அவனைக் கொதி எண்ணெயில் போட்டு எடுக்கலாம். ஹாஜியார் நல்ல மனிதர், அவளை அப்படியே அனுப்பிவிடவில்லை. "மகள், அவர் தன்ட வாயால ஒரு வார்த்தை, 'என்ன ஏமாத்திப் போட்டாங்க, என்ன எடுங்க' எண்டு சொல்லட்டும். பொறகு பாருங்க, ஊரே உங்களோட கொழும்புக்கு, அரசாங்கத்துக்கிட்ட வரும். நானே முன்னுக்கு வருவன். அவர் சுகம் எண்டு சொல்லிக்கொண்டு இரிக்கும்வரைக்கும் நாங்க எங்க போய் என்னத்தச் சொல்லிற?"

மனைவியைத் தேற்றச் சொன்ன பொய், ஏமாற்றியவனுக்குச் சாட்சியாகப் போய்விட்டது. பஸ்மினா வீட்டுக்கு வந்து, சுவரோரம் நின்ற ஆட்டைத் துரத்தினாள். பிறகு தொலைபேசியை வாய்க்கு நேரே பிடித்தாள்.

"கேளுங்க. உங்கட கொரல வச்சிக்கொண்டு அவன் பள்ளிக்குள்ள என்னப் பைத்தியமாக்கிப் போட்டான். ஒரே ஒருக்கா உண்மையச் சொல்லுங்க. ஒருக்காச் சொன்னா ஊரே எழும்பும். சொல்லுங்க."

பதில் மறுநாள் வந்தது. "ஊருக்கு முன்னால என்ன வெக்கப்படுத்தாத புள்ள. ஏமாந்துபோக நான் என்ன சின்னப்பொடியனா? நான் சுகம்."

இதுதான் விஷயம். செத்தாலும் சாவான், ஏமாந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டான். பஸ்மினா அதற்குப் பிறகு அனுப்பிய குரல்களை இங்கே எழுத முடியாது. அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. லுஹர் முடியும், தொலைபேசி வாய் மூடிக் கிடக்கும். நான்கு வசனப் பொய்யாவது வரட்டும் என்று அவளே ஏங்குகிற அளவுக்கு நாட்கள் போயின. அப்படி ஏங்கியதற்காகவும் அவன்மேல்தான் ஆத்திரம் வந்தது. அயல் பெண்கள் மௌத்து வீட்டுக்குத் துக்கம் கேட்க வருகிற முகத்தோடு வரத் தொடங்கினார்கள். ஒருத்தி அவள் தலையைத் தடவி, "அல்லாஹ்ட நாட்டம்" என்று தொடங்கினாள். "இன்னும் அவர் மௌத்தாகல்ல. எழும்பிப் போங்க" என்று வாசலைக் காட்டினாள் பஸ்மினா.

அந்த நாட்களில் ஒன்றில், லுஹருக்குப் பிறகு, மாமி வந்தார். காலிதீனின் உம்மா சித்தி லைலா. மகனுக்கு அந்த இனிமையான குரல் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால் இவர் கதைப்பதைக் கேட்டால் போதும். அம்ஹா வகுப்புக்குப் போயிருந்தாள். பஸ்மினா குசினியில் பலகையில் மாவைத் தூவிச் சமூசாவுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாமி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மருமகள், உங்கட வாய்க்குப் பயந்து அந்தப் பொடியன் வெளியில இறங்கிறானில்ல. அவன் என்ட மகளக் கட்டினவன். அவள்ட வாழ்க்கையையும் கொஞ்சம் யோசிங்க. காலிதீன்தான் சுகம் எண்டு சொல்றானே."

"அவர் எப்ப மாமி சுகமில்ல எண்டு சொல்லியிரிக்கார்?"

மாமி வாயைத் திறப்பதற்குள் தொலைபேசி அடித்தது. பதிந்து அனுப்பிய குரல் இல்லை, அழைப்பு. பஸ்மினாவின் கை முழுக்க மாவு. விரல் நுனியால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

"புள்ள."

"சொல்லுங்க."

"நான் சுகம்."

"அது தெரியும். வேற?"

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் மெல்லக் கேட்டது. மாமி ஓடிவந்து தொலைபேசிக்கு மேல் குனிந்தார். மகனுக்குச் சலாம் சொன்னார், சாப்பிட்டாயா என்றார், குளிருக்குப் போர்த்திக்கொள் என்றார். அவன் எல்லாவற்றுக்கும் ஓம் உம்மா, ஓம் உம்மா என்றான்.

"நாளைக்கு எங்கள வேற இடத்துக்கு மாத்துறாங்க புள்ள. அங்க வேல லேசாம். போன் மட்டும் எடுக்காது. கொஞ்ச நாளைக்குக் கொரல் வராட்டியும் பயப்பிடாத. அம்ஹாட வீட்டுக்குக் கிழக்குப் பக்கம் பெரிய ஜன்னலா வை. கடல் காத்து வரும்." இருமிவிட்டுத் தொடர்ந்தான். "பொறகு, என்னில ஏதும் குத்தம் குறை இரிந்தாப் பொருந்திக்க. உம்மா, நீங்களும் பொருந்திக்கங்க."

பொருத்தம் கேட்பது எங்களுக்குள் சும்மா நடக்கிற காரியம் இல்லை. ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடு வீடாகப் போய்க் கேட்பார், திரும்பி வருவது நிச்சயமில்லை என்பதனால். படுக்கையில் கிடப்பவர் மூச்சு முட்டும்போது கேட்பார். மனிதருக்கு மனிதர் செய்த குற்றத்தை மனிதர்தான் மன்னிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அல்லாஹ் மன்னிப்பான். கேட்டால் கொடுத்துவிட வேண்டும். பகையாளிகூடக் கொடுத்துவிடுவான். லேசான வேலைக்கு இடம் மாறிப் போகிறவன் எவனும் பொருத்தம் கேட்பதில்லை.

மாமிக்கு அது விளங்கியது. இருந்த இடத்திலேயே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். "பொருந்தினன் மனே. பெத்த நாளில இரிந்து பொருந்தினன்." குரல் கரைந்து போயிற்று.

பஸ்மினா பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லுங்க, சொல்லுங்க என்று மாமி கையைக் காட்டினார்.

"நான் பொருந்தல்ல" என்றாள் பஸ்மினா.

"புள்ள?"

"பொருந்தல்ல. வடக்கில சண்டைக்குள்ள நிண்டுகொண்டு சீனி மூட்டை எண்டு சொன்னீங்களே, அதப் பொருந்தல்ல. முதுகு கிழிஞ்சி வந்து தகரம் எண்டு சொன்னதப் பொருந்தல்ல. கல்லு உடைக்கிறாங்க எண்டத, பகிடிக்குக் கத்துறாங்க எண்டத, ஒண்டையும் நான் பொருந்தல்ல. லேசான வேலைக்குப் போறவர் ஏன் பொருத்தம் கேக்கிறீங்க? ஹஜ்ஜுக்கா போறீங்க?"

"மருமகள்!" மாமி அவளுடைய காலைப் பிடித்தார். "அல்லாஹ்வுக்குப் பயந்துக்கங்க. மாப்புள பொருத்தம் கேட்டு இல்லையெண்டு சொன்ன பொம்புளையும் இரிக்காளா? அவன் மௌத்தானா உங்கட இந்த வார்த்த அவன்ட கழுத்தில கிடக்கும்."

"கிடக்கட்டும் மாமி. அது கிடந்தா அவர் சாகப் பயப்படுவார்."

"புள்ள, நேரமில்ல. ஒருக்காச் சொல்லு."

"ஏன் நேரமில்ல? வேலதான் லேசாமே!"

"பொருந்தினன் எண்டு சொல்லன்டி!"

குசினி அதிர்ந்தது. கலியாணம் முடித்த இத்தனை வருடத்தில் அவன் அவளை டி போட்டதில்லை, இந்தக் குரலில் கத்தியதும் இல்லை. கத்தியவன் பிறகு நிறுத்தவில்லை.

"எனக்கு லொறி தரல்ல! வந்த கிழமையே சுடுற துவக்கத் தந்து பனிக்குள்ள இறக்கிப் போட்டானுகள். ஷிப்லி என்ன வித்துப்போட்டான் புள்ள. என்ன ஏமாத்திப் போட்டான். எங்களோட வந்த சிங்களப் பொடியனுகள் கனபேர் மௌத்து. எடுத்து அடக்கவும் ஆளில்ல, அப்பிடியே கிடக்கிறானுகள். நாளைக்கு எங்கட முறை. போக மாட்டன் எண்டா இவனுகளே சுடுவானுகள். எனக்குப் பயமா இரிக்கு புள்ள. எனக்கு வீட்ட வரணும். என்ன எடுங்க. ஆருக்காவது சொல்லி என்ன எடுங்க."

பஸ்மினா அழவில்லை. அழுவதற்குப் பிறகு நேரம் கிடைக்கும். பலகையில் தூவிக் கிடந்த மாவை உள்ளங்கையால் சமப்படுத்தினாள்.

"இப்ப நிக்கிற இடத்துக்கு என்ன பேர்? ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுங்க."

அவன் சொன்னான். மாவில் விரலால் எழுதினாள். படைப்பிரிவின் பெயரைக் கேட்டாள், கூட இருக்கிற நம் நாட்டுக்காரர்களின் பெயர்களைக் கேட்டாள். எழுதி, திருப்பி வாசித்து, பிழையா என்று கேட்டாள். ஒரு இடத்தில் பிழை என்றான். அழித்து எழுதினாள். அவன் குரல் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய குரலுக்கு இறங்கிற்று.

"இப்பவாவது பொருந்திக்க புள்ள. எல்லாத்தையும் சொல்லிட்டன்தானே."

"இல்ல. பொருத்தம் வேணுமெண்டா உயிரோட வந்து வாசல்ல நிண்டு கேளுங்க. கேட்டா யோசிப்பன். நாளைக்கு ஓடுங்க, ஒளியிங்க, காலில விழுங்க, என்ன வெக்கம் வந்தாலும் வரட்டும். எனக்குக் கடன் வச்சிட்டுச் சாக உங்களுக்கு அனுமதியில்ல."

நிலத்தில் இருந்த சித்தி லைலா எழும்பினார். இந்தத் தடவை அவர் குரலில் இனிமை இல்லை.

"மனே, உம்மா முந்திச் சொன்னதத் திருப்பி எடுக்கிறன். நானும் பொருந்தல்ல. கேட்குதா? உன்னப் பெத்தவ சொல்றன், நானும் பொருந்தல்ல. வந்து கேளு."

"உம்மா" என்று ஒரு சத்தம் வந்தது. அதோடு அழைப்பு அறுந்தது. திரும்ப எடுத்தார்கள், போகவில்லை. இன்னும் ஒருமுறை எடுத்தார்கள். பிறகு பஸ்மினா கையைக் கழுவி அபாயாவைப் போட்டாள். மாமி முந்தானையைத் தலைக்கு இழுத்து விட்டார். "பின்னேர அசர்த் தொழுகைக்கு மட்டும் அவன் வெளியில இறங்குவான், பள்ளியில இரிப்பான்" என்றார். யார் என்று பஸ்மினா கேட்கவில்லை. மாவு கலையாமல் பலகையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவள் முன்னால் நடக்க, மாமி பின்னால் நடந்தார்.

தொழுகை முடிந்து ஆண்கள் செருப்புத் தேடும் நேரம். கச்சிமுகம்மது ஹாஜியார் படியில் நின்றார், அவருக்குப் பின்னால் ஷிப்லி. பலகையோடு வரும் பஸ்மினாவைக் கண்டதும் ஷிப்லியின் கை தானாகச் சட்டைப் பைக்குள் இருந்த தொலைபேசிக்குப் போயிற்று.

"அத எடுக்காதீங்க மருமகன்" என்றார் சித்தி லைலா. சத்தம் போட்டுப் பழகாத தொண்டை, பள்ளி முற்றம் முழுக்கக் கேட்டது. "ஹாஜியார், இவ்வளவு நாளும் என்ட மகன் பொய் சொல்லியிரிக்கான். இண்டைக்கு உண்மையச் சொன்னான். ரெண்டையும் கேட்டவ நான். லொறி இல்லையாம். துவக்காம். நாளைக்கு அவன்ட முறையாம். இவர் வித்துப்போட்டாராம். என்ன எடுங்க எண்டு என்ட புள்ள கத்தினான். நான் எந்தச் சபையிலயும் வந்து சொல்லுவன். இவர் என்ட மகள்ட மாப்புளதான், அதையும் தெரிஞ்சுகொண்டுதான் சொல்றன்."

ஹாஜியார் மாவுப் பலகையைக் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுத் திரும்பப் பார்த்தார். ஒருவரைக் கூப்பிட்டு அதைப் படம் எடுக்கச் சொன்னார், இன்னொருவரைக் கூப்பிட்டு வேன் பிடிக்கச் சொன்னார். "சொன்ன சொல்லு சொன்னதுதான் மகள். இப்பவே கொழும்புக்கு வெளிக்கிடுவம். நாளைக்கு எண்டா பிந்திரும்."

முற்றத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஷிப்லியைப் பார்த்தார்கள். அவன் அத்தர் மணக்க இறங்கி வந்து, எல்லோருக்கும் முன்னால் பஸ்மினாவின் முன் நின்று, கையை நெஞ்சில் வைத்தான்.

"மச்சி, எனக்கு மேல இரிக்கிறவங்க சொன்னதத்தான் நானும் சொன்னன். தெரியாம நடந்துபோச்சு. மாமி, மச்சி, அல்லாஹ்வுக்காக என்னப் பொருந்திக்கங்க."

எவ்வளவு லேசாகக் கேட்டுவிட்டான்! கேட்ட மாத்திரத்தில் முற்றத்தில் ஒரு இளக்கம் பரவியதையும் பஸ்மினா கண்டாள். யாரோ ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கேட்டுட்டார் மகள். பள்ளி வாசல்ல வச்சுக் கேட்டுட்டார். குடுத்துடுங்க" என்றார்.

பஸ்மினா அவரைப் பார்க்கவில்லை. ஷிப்லியை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள்.

"உங்களுக்கு முந்தி ஒராள் கேட்டு நிக்கார் தம்பி. அவருக்கே நான் இன்னும் குடுக்கல்ல. போய் அவரக் கூட்டிக்கொண்டு வாங்க. அவர் கேட்டு முடிக்கட்டும். அதுவரைக்கும் பின்னால நில்லுங்க."